பெரிய நுகர்பொருள் நிறுவனத்தில் ஆராய்ச்சி வேலை: முனைவர் பட்டம் வீணாகிறதா?

2 ஜூன் 2025, பாபநாசம் வாசகரின் கேள்வி

என் மகள் திருச்சியில் வேதியியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறாள். சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரோ, அங்கே நடப்பது ஆராய்ச்சியே இல்லை, வாசனையையும் உறையையும் மாற்றிப் புதியது என்று விற்பார்கள், ஐந்து ஆண்டு உழைப்பு வீணாகிவிடும் என்கிறார். நான் நெல் சாகுபடி செய்பவன். இந்த விஷயத்தில் எனக்கு வழி தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன் 2025

1999 முதல் 2016 வரை அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகத்தில், சலவைப் பொருள்கள் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்போது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டேன். பேராசிரியர் சொல்வதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பி உங்கள் மகள் அந்த வேலையை மறுத்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் எங்கள் கேள்விகள் முந்தைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்தன. நிறுவனத்தில் துவைக்கிற கல்லிலிருந்து பிறந்தன. எப்படி என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எங்களிடம் ஒரே மாதிரியான புகார்கள் வந்துகொண்டிருந்தன. வெள்ளை வேட்டியில் பட்ட சாம்பார்க் கறையைத் தூளில் ஊறவைத்தால், மஞ்சளாக இருந்த கறை இரத்தம் போலச் சிவந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். தூளில் சலவைச் சோடா இருப்பதால் கரைசல் நல்ல காரமாகவே இருக்கும். எனவே காரத்தைக் குறைப்பதா, வெளுக்கும் பொருள் சேர்ப்பதா என்று நான்கு மாதம் அலைந்தோம். கறை பூசிய துணிச் சதுரங்களை டெர்கோட்டோமீட்டர் என்னும் துவைப்புக் கருவியின் எஃகுக் குவளைகளில் போட்டுச் சுழற்றுவோம், அலசுவோம், அறைக்குள்ளேயே உலர்த்துவோம், பிறகு துணி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்து எண் எடுப்போம். எந்தக் கலவைக்கும் எண் தேறவில்லை.

அதன் பிறகுதான் வீடுகளில் துவைப்பதைப் பார்த்து வர எங்களை அனுப்பினார்கள். திருவையாற்றுக்கு அருகில் ஒரு வீட்டின் கொல்லையில், கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நான் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா பேரனின் சட்டையை வாளியிலிருந்து எடுத்தார். நெஞ்சுப் பக்கம் கறை சிவந்திருந்தது. அவர் சிறிதும் பதறவில்லை. "ஆரத்தித் தண்ணி மாதிரிதாம்மா இது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா செவக்காதா? அலசி வெயில்ல போட்டா சாயங்காலம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி கொடியில் விரித்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது கறை வெளுத்து, இருந்த இடம் தெரியவில்லை.

ஒளி பட்டால் குர்குமின் சிதையும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் நான்கு மாதமாக எங்கள் சோதனையில் வெயிலே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்து, உலர்த்தும் கட்டத்தில் வெயிலுக்கு ஈடான விளக்கொளியைச் சேர்த்தோம். கடைசியில் இருந்த கலவை முதலுக்கு வந்தது. கருதுகோள் தவறிப்போனது, சோதனை முறை திருத்தப்பட்டது, முடிவு மாறியது. இதை ஆராய்ச்சி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று பேராசிரியரையே கேட்கலாம்.

4 ஜூன் 2025

வாசனை மாற்றும் வேலை உண்டா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் என்று தஞ்சாவூர் வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு. அதைவிட அதிகமாக நடப்பது செலவைக் குறைக்கும் வேலை: ஒரு மூலப்பொருளை எடுத்துவிட்டு மலிவான இன்னொன்றைப் போட்டு, வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்பது. என் பதினேழு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி இதிலேயே போயிற்று.

இதற்கு மும்மாதிரிச் சோதனை என்று ஒன்று செய்வோம். மூன்று மாதிரிகளை வைப்போம். இரண்டு ஒன்றே, ஒன்று வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 30 பேரில் 10 பேர் சரியாகச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. 15 பேர் சொன்னால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று நூற்றுக்கு 95 உறுதியுடன் எழுதலாம். முறை நல்ல முறைதான். அதைப் பயன்படுத்தியதில்தான் எனக்குக் குறை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுக் கலவையை முந்தைய ஆண்டுக் கலவையுடன் மட்டும் ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் வித்தியாசம் தெரியவில்லை என்று முடிவு வரும். பத்துப் படி இறங்கிய பிறகு முதல் படியில் இருந்த பொருளை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் அதை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆரம்ப மாதிரியையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று நான் இரண்டு முறை எழுத்தில் கேட்டேன். ஏற்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை ஆண்டு வேலையில் எழுத்தில் வெளியான எதிலும் என் பெயர் இல்லை.

7 ஜூன் 2025

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் எந்தச் சோப்பைப் போட்டாலும் திரிந்துபோகிறது, இதற்கு உங்கள் ஆய்வகம் என்ன செய்தது என்று கேட்கிறார். என் பிரிவின் முக்கால்வாசி வேலை இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

திரிந்துபோகிறது என்பது மிகச் சரியான சொல். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அது நீரில் கரையும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது உண்டாகும் உப்பு கரையாமல், பால் திரிந்தது போலத் திப்பித் திப்பியாக மிதக்கும். கால்சியம் முழுவதும் இப்படிக் கட்டுண்ட பிறகுதான் நுரை வரும். அதாவது முதலில் போடுகிற சோப்பு அழுக்கைத் தொடுவதே இல்லை, தண்ணீருக்கே செலவாகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 14 கிராம் சோப்பு இப்படி வீணாகும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே 300 என்பது அரிதான நீர் இல்லை.

சலவைத்தூளில் சோப்புக்குப் பதிலாக இருப்பது நேர்சங்கிலி ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் என்னும் செயற்கைப் பொருள். அது சோப்பைப் போல அவ்வளவு எளிதில் திரிவதில்லை. ஆனாலும் கால்சியம் அதையும் பாதிக்கும். அதனால்தான் கால்சியத்தைப் பிடித்து ஒதுக்கச் சலவைச் சோடா, பாஸ்பேட், சியோலைட் என்னும் கனிமத் தூள் போன்றவற்றில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சோடா மலிவு. ஆனால் அது கால்சியத்தைச் சுண்ணாம்புத் தூளாக்கித் துணியிலேயே படிய விடும். பல முறை துவைத்த துணி மொரமொரப்பாகிப் பழுப்பேறுவதற்கு ஒரு காரணம் இதுதான். பாஸ்பேட் மிக நன்றாக வேலை செய்யும். குளத்தில் கலந்தால் பாசியையும் நன்றாக வளர்க்கும். சியோலைட் தண்ணீரில் கரையாது, அலசிய பிறகும் துணியில் தூளாகத் தங்கக்கூடும். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்க வேண்டும். எதை இழக்கலாம் என்று முடிவு செய்வதற்குள் ஆண்டுகள் போய்விடும்.

வேதாரண்யத்துக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அங்கே கடினத்தன்மையோடு சமையல் உப்பும் நீரில் இருக்கிறது. சோப்புத் தயாரிக்கும்போது, கொதிக்கும் கரைசலிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க உப்பைத்தான் கொட்டுகிறோம். அதே வேலையை உங்கள் கிணறு வாளிக்குள் செய்கிறது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மட்டும் உப்பு நீரை ஓரளவு தாங்கும். அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் குட்டையானவை என்பதே காரணம். கப்பலில் கடல் நீரில் குளிக்க அந்தக் காலத்தில் அதைத்தான் எடுத்துப் போனார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய்ச் சோப்பைத் தேடி வாங்கியிருந்தால் அதற்குக் காரணம் இருந்திருக்கும்.

8 ஜூன் 2025

நேற்றைய கணக்கில் பிழை. நாகப்பட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. ஒரு கால்சியம் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைக் கட்டும். நான் ஒன்று என்று போட்டுவிட்டேன். கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகவே கணக்கிடுவோம்; அப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது 3 மில்லிமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) கால்சியம். அதற்கு 6 மில்லிமோல் சோப்பு வேண்டும். சோப்புக்கு மாதிரியாகச் சோடியம் ஸ்டியரேட்டை எடுத்து, அதன் மூலக்கூறு எடை 306 என்று கொண்டால் லிட்டருக்கு 1.8 கிராம், 15 லிட்டர் வாளிக்கு 27 கிராமுக்குச் சற்று மேல். நூறு கிராம் கட்டியில் கால் பங்குக்கும் அதிகம். மாதக் கடைசியில் சோப்புக்கு எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இந்த இருமடங்கு வித்தியாசம் பெரியது. திருத்தியதற்கு அந்த ஆசிரியருக்கு நன்றி.

12 ஜூன் 2025

இன்று மேட்டூர் அணையைத் திறந்திருக்கிறார்கள். வழக்கமான நாளிலேயே திறந்திருப்பதால் எங்கள் பக்கத்தில் குறுவைக்கு நாற்றங்கால் வேலை மும்முரமாகியிருக்கிறது. அந்தச் சந்தடிக்கு நடுவில் 4 ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு வரியைத் திருத்த வேண்டும்.

எழுத்தில் வெளியான எதிலும் என் பெயர் இல்லை என்று எழுதியிருந்தேன். அது கோபத்தில் எழுதியது. ஆய்விதழ்க் கட்டுரை இல்லை என்பதே சரி. இரண்டு காப்புரிமை விண்ணப்பங்களில் கண்டுபிடிப்பாளர்களுள் ஒருத்தியாக என் பெயர் இருக்கிறது. காப்புரிமை விண்ணப்பம் பதினெட்டு மாதத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. இருபது ஆண்டு உரிமை கேட்பதற்கு ஈடாகச் செய்முறையை ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. எனவே வெளியாகவே இல்லை என்று சொன்னது தவறு.

ஆனால் எவை வெளிவருவதில்லை என்பதையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு ஆகாதவை வெளிவரா. நான் இரண்டு ஆண்டு பாடுபட்டு, குறிப்பிட்ட ஒரு நொதி நம் ஊர்க் கடின நீரில் ஏன் சோர்ந்துபோகிறது என்று கண்டுபிடித்தேன். பொருளாக விற்க முடியாத முடிவு என்பதால் அது காப்புரிமையும் ஆகவில்லை, கட்டுரையும் ஆகவில்லை. பக்கந்தோறும் தேதியிட்டு, சக ஊழியர் சாட்சிக் கையொப்பமிட்ட குறிப்பேடுகளில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு யாரோ ஒரு மாணவர் அதே வேலையை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கக்கூடும். பேராசிரியர் ஆராய்ச்சியே இல்லை என்றது தவறு. முடிவு உன்னுடையதாக இருக்காது என்று எச்சரித்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

16 ஜூன் 2025

கைவிடப்பட்ட ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உண்டு. அதைச் சொல்ல எங்கள் வீட்டு அரவை மில்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா நீடாமங்கலம் பக்கத்தில் சிறிய நெல் அரவை மில் நடத்தினார். பள்ளி விட்டு வந்தால் மில்லில்தான் இருப்பேன். அரைத்த அன்று தவிட்டுக்கு இனிப்பு கலந்த வாசனை இருக்கும். உள்ளங்கையில் அள்ளினால் மிதமான சூடும் விரலில் ஒட்டும் பிசுக்கும் தெரியும். இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் அதே தவிடு மூக்கைச் சுளிக்க வைக்கும். பச்சரிசித் தவிடு சீக்கிரம் காறும், புழுங்கலரிசித் தவிடு தாங்கும் என்பது மூட்டை தூக்குபவர் முதல் மாட்டுக்கு வாங்கிப் போகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நெல்லுக்குள் எண்ணெயும், அதை உடைக்கும் லிப்பேஸ் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலந்து, சில மணி நேரத்திலேயே எண்ணெய் கொழுப்பு அமிலமாக மாறத் தொடங்கிவிடும். நெல்லை அவிக்கும்போது அந்த நொதி வெந்து செயலிழப்பதால்தான் புழுங்கல் தவிடு தாங்குகிறது; அதில் எண்ணெயும் கூடுதல். நம் மாவட்டங்களில் இதையெல்லாம் முறையாக ஆராய்ந்த இடமும் உண்டு: திருவாரூர் நவீன அரிசி ஆலையில் 1967இல் சிறிய ஆய்வகமாகத் தொடங்கி, 1972இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருப்பது அதுதான்.

அமிலம் ஏறிய தவிட்டெண்ணெய் சாப்பிட உதவாது. சோப்புக்கு உதவும், ஏனென்றால் சோப்புக்கு வேண்டியதே கொழுப்பு அமிலம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்தியச் சோப்புத் தொழில் தவிட்டெண்ணெய், வேப்பெண்ணெய், சால் மர விதை எண்ணெய் ஆகியவற்றைப் பதப்படுத்திப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. பிறகு இறக்குமதிப் பாமாயில் மலிவாகக் கிடைத்ததும் அந்த நாட்டம் குறைந்துபோயிற்று.

2007இல் பாமாயில் விலை ஏறத் தொடங்கியபோது, தவிட்டெண்ணெயை மீண்டும் பார்க்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன்; ஏற்றார்கள். என் பணிக்காலத்தில் அவ்வளவு மகிழ்ச்சியாக வேறு எந்த வேலையையும் செய்ததில்லை. தஞ்சை, திருவாரூர்ப் பகுதி மில்களில் இருந்து தவிடு வாங்கினோம். எண்ணெயின் கரும்பழுப்பை வெளுப்பது முதல் சிக்கல். அதில் தயாரித்த கட்டி மெத்தென்று இருந்து தண்ணீரில் சீக்கிரம் கரைந்தது. அது இரண்டாவது சிக்கல். ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தி, விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, பதினோராவது மாதத்தில் தேங்காய்ச் சிரட்டையில் ஈரத்தோடு வைத்தாலும் கூழாகாத கட்டி ஒன்று வந்தது. சிரட்டையில் துளையிட்டுச் சோப்பு வைக்கும் வழக்கத்தை வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சோதனையைச் சேர்த்திருந்தேன்.

2008 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பாமாயில் விலை அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பதினைந்து நிமிடக் கூட்டத்தில் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். எண்களின்படி அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் விலை மறுபடி ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் அதன் பிறகு எடுக்கவே இல்லை. குழுவைப் பிரித்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கட்டிகளில் இரண்டு என்னிடம் இன்னும் இருக்கின்றன. மேற்புறம் லேசாக மஞ்சளித்திருக்கிறது, காறவில்லை.

19 ஜூன் 2025

கும்பகோணம் வாசகர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: திருவையாற்று அம்மாவிடம் தெரிந்துகொண்டதை வைத்து நிறுவனம் பொருள் விற்றது, அவருக்கு என்ன கிடைத்தது?

ஒரு பை சலவைத்தூளும் எவர்சில்வர் டப்பா ஒன்றும் கொடுத்தோம். வேறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். அதில் படம் எடுப்பதற்கும் பேச்சைப் பதிவு செய்வதற்கும் அனுமதி இருக்கும், அறிவுக்கு உரிமை பற்றி ஒரு வரியும் இருக்காது.

மரபறிவைத் தனதென்று பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து மறுஆய்வு கேட்டதால் 1997இல் ரத்து செய்தார்கள். வேம்பு சார்ந்த பூஞ்சைக்கொல்லிக் காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் ரத்து செய்தது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. நம் நாட்டிலும் மரபறிவு காப்புரிமைக்கு உரியதில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. உயிரியல் வளங்களை வணிகத்துக்கு எடுப்பதற்கு, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும் நேரங்களும் உண்டு. ஆனால் வெயிலில் காயப்போடுங்கள் என்று சொன்னது இவற்றில் எதிலும் அடங்காது. நாங்கள் அதைக் காப்புரிமை ஆக்கவில்லை. எங்கள் சோதனை முறையைச் சரிசெய்துகொண்டோம், அவ்வளவுதான். 3 ஆம் தேதி எழுதியபோது அதை நல்ல கதை என்று மட்டும் நினைத்துச் சொன்னேன். உங்கள் கேள்விக்குப் பிறகு யோசித்தால், எங்கள் உள் அறிக்கையில்கூட "கள ஆய்வில் அறியப்பட்டது" என்றுதான் நான் எழுதினேன் என்பது நினைவுக்கு வருகிறது. அவர் பெயரை அங்கே எழுதியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

21 ஜூன் 2025

எந்தச் சோப்பு வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். உறையில் மொத்தக் கொழுப்பு விகிதம் என்று ஓர் எண் இருக்கும். இந்தியத் தரத்தில் குளியல் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 விழுக்காடு. பாத்திங் பார் என்று போட்டிருந்தால் அது வேறு வகைத் தரத்துக்கு உட்பட்டது. எண் கூடினால் கட்டி கெட்டியாக இருக்கும், நாள் வரும். கடின நீரில் நுரைக்கும் என்று பொருளில்லை.

27 ஜூன் 2025

தண்ணீர் வந்துவிட்டது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வர இத்தனை நாள் ஆயிற்று. காலையில் மதகுக்குப் போய்ப் பார்த்தேன்.

காய்ந்த வாய்க்காலில் தண்ணீரின் முன்முனை மெதுவாகத்தான் வரும். அதற்கு முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு வரும். சின்ன வயதில் அதைப் பார்க்க ஓடுவோம். இன்று முன்முனையில் வந்தவற்றில் பெரும்பகுதி ஷாம்பு, சலவைத்தூள் சாஷேக்கள். மதகுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, வெள்ளிப் பக்கம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஓர் ஆள் கம்பால் குத்திக் கரையில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாஷே வந்த கதை நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார்; அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனி நிறுவனம் தொடங்கி அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். முழு பாட்டில் வாங்க முடியாதவருக்கும் ஷாம்பு கிடைத்தது. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வாரக் கூலியில் ஒன்று வாங்கித் தலைக்குக் குளித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்னாளில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதே வழிக்கு வந்தன.

நானும் ஓர் ஆண்டு சாஷே வேலையில் இருந்தேன். வாசனை வெளியேறக் கூடாது, ஈரம் உள்ளே போகக் கூடாது, விளிம்பு பிரியக் கூடாது. அதற்காகப் பாலியெஸ்டர், உலோகப் பூச்சு, பாலித்தீன் என்று படலங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினோம். 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்துச் சோதித்தோம். ஒட்டிய படலங்கள் எந்தக் காரணத்தாலும் பிரியாமல் இருப்பதே எங்கள் வெற்றி. பிரியாதவற்றை மறுசுழற்சி செய்ய முடியாது என்பதும், பயன்படுத்திய பின் அது எங்கே போகும் என்பதும் எங்கள் சோதனைப் பட்டியலில் இல்லை. வெயிலை விட்டுவிட்டது போலவே வாய்க்காலையும் விட்டுவிட்டோம்.

இதே தொழில் ஒரு காலத்தில் தன் தவறைத் திருத்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த செயற்கைச் சலவைப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலி கிளைவிட்டது. நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியாமல் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலை மலையாக மிதந்தது. 1960களின் நடுவில் கிளையில்லாத நேர்சங்கிலிக்கு மாறினார்கள், நுரை அடங்கியது. 7 ஆம் தேதி நான் சொன்ன சல்ஃபோனேட் அப்படி வந்ததுதான். சாஷேக்கும் அப்படி ஒரு மாற்றம் வேண்டும். அதைச் செய்யப் போகிறவர் உள்ளே போனால்தான் செய்ய முடியும். பாபநாசம் ஐயா, இதை உங்கள் மகளிடம் காட்டுங்கள்.

2 ஜூலை 2025

வேலையில் சேரும் முன் என்ன கேட்க வேண்டும் என்று மகளே எழுதியிருக்கிறாள். சம்பளத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடிந்த வேலையைக் கட்டுரையாக வெளியிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளம்மா. விதியைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள், எண்ணைக் கேள். ஆய்வகத்திலிருந்து வீடுகளுக்குப் போகிறார்களா, அல்லது விற்பனைப் பிரிவு எழுதித் தரும் அறிக்கையை மட்டும் படிக்கிறார்களா என்று கேள். இரண்டாவது என்றால் இன்னொரு முறை யோசி. விளம்பரத்தில் சொல்லும் வாசகத்துக்குச் சான்று தரும் கையெழுத்து யாருடையது என்று கேள். எந்த வாசகத்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கோப்பில் உன் பெயர் இருக்கும். எனக்கு ஒருமுறை, சோதனை காட்டாத ஒரு சொல்லைச் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. அந்த ஆண்டு பதவி உயர்வு தள்ளிப்போயிற்று, அடுத்த ஆண்டு வந்தது.

4 ஆம் தேதி பாதி ஆண்டுகள் செலவு குறைப்பில் போயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டேன். அதைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பாக்கெட்டில் ஐம்பது காசு குறைவது, 8 ஆம் தேதி கணக்கில் வந்த அந்த வாளிக்காரிக்கு நேராகப் போய்ச் சேர்கிற பொருள்களும் இருந்தன. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டிலேயே கலந்து சைக்கிளில் விற்ற மலிவான தூள் பெரிய நிறுவனங்களின் கணக்கையே மாற்றியது. அவரும் ஒரு வேதியியலர்தான். விலையைக் குறைப்பதும் வேதியியல் வேலைதான். தரத்தைத் தெரியாமல் இறக்குவதைத்தான் நான் எதிர்த்தேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசிவிட்டேன்.

6 ஜூலை 2025

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். திண்ணையில் ப்யூரெட் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) மாட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதுதான். 50 மில்லி நீரில் அம்மோனியாத் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி ஒரு சிட்டிகையும் போட்டால் ஒயின் சிவப்பு வரும்; கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரே சொட்டில் நீலமாகும். இறங்கிய மில்லியை 20 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் நேற்று 17 மில்லி கேட்டது. வாய்க்கால் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியிருந்ததால் தேற்றாங்கொட்டை உரைத்த பானையில் ஓர் இரவு தெளிய வைத்துப் பார்த்தேன். 6 மில்லியிலேயே நீலமாகிவிட்டது.

உங்கள் வீட்டுக் கிணற்று நீரும் ஒரு பாட்டில் வேண்டும். பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டு, உள்ளே காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி மூடிக் கொண்டுவாருங்கள். தவிட்டெண்ணெய்க் கட்டி இரண்டில் ஒன்றை மகளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.